இடைவெளி வீண் அல்ல!

2024 அக்டோபர் 11-ஆம் தேதி மாலையைப் புதுக்கோட்டை, திருச்சி மாவட்ட மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று ஹைட்ராலிக் கோளாறால் பயணத்தைத் தொடர இயலாமல், எரிபொருளைக் குறைத்துக் கொள்வதற்காக நம் வான்பரப்பிலேயே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டது. மொட்டை மாடிகளிலும் தேநீர்க் கடை வாசல்களிலும் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். 141 பயணிகளும் பத்திரமாகத் தரையிறங்கினர் என்ற செய்தி வந்த பிறகே பலருக்கு மூச்சு வந்தது.

அன்று கண்ணுக்குத் தெரிந்த ஓர் ஆபத்தைப் பார்த்துப் பதறினோம். விமானம் தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்து விலக்கப்படுகிற, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது குறைவு. முன்னால் சென்ற விமானம் தன் பின்னே விட்டுச் செல்லும் சுழல்காற்றே அது. விமானிகள் அதை 'வேக் டர்புலன்ஸ்' என்கிறார்கள். தமிழில் 'பின்சுழல்' எனலாம்.

இந்தப் பொருளில் எனக்கு அக்கறை ஏற்பட்டது ஓர் எரிச்சலில்தான். சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஒரு கருத்தரங்கை முடித்துக் கொண்டு விமானத்தில் சென்னை திரும்பினேன். இரவு எழும்பூரில் ரயிலைப் பிடித்துப் புதுக்கோட்டை வந்து சேர வேண்டும். ஓடுதளத்தின் விளக்குகள் தெரியும் உயரத்துக்கு வந்த விமானம், திடீரென இரைச்சலுடன் மீண்டும் மேலே ஏறியது. 'முன்னால் இறங்கும் விமானத்துடன் போதிய இடைவெளி இல்லை. மறுபடியும் சுற்றி வருகிறோம்' என்று அறிவித்தார் விமானி. பயணிகள் முணுமுணுத்தனர். நானும் பொருளாதாரம் படித்தவனுக்கே உரிய வகையில், வீணான எரிபொருளையும் நேரத்தையும் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துக் குறைபட்டுக் கொண்டேன். ரயிலும் போய்விட்டது.

விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவரிடம் பின்னொரு நாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்துக் கொண்டே, 'சார், உங்களுக்கு ரயில் மட்டும்தானே போனது' என்றார். அந்த ஒரு வரிதான் என்னைப் படிக்க வைத்தது.

நம் மாவட்டக் கடலோரத்தில் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் நாட்டுப்படகு ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய விசைப்படகின் பின்னால் நெருங்கிச் செல்லக் கூடாது என்பது தெரியும். பெரிய படகு கிழித்துச் சென்ற நீர், அது கடந்த பிறகும் சிறிது நேரம் புரண்டு கொண்டிருக்கும். ஆனால், அந்த அலையைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்து விலகலாம். வானத்தில் அந்த வசதி கிடையாது.

விமானம் பறக்கும்போது இறக்கையின் கீழ்ப்புறத்தில் காற்றழுத்தம் கூடுதலாகவும் மேற்புறத்தில் குறைவாகவும் இருக்கும். இந்த வேறுபாடே விமானத்தைத் தாங்குகிறது. ஆனால், இறக்கையின் நுனியில் தடுப்பு ஏதும் இல்லாததால், கீழேயுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலே ஏற முயல்கிறது. விமானம் முன்னோக்கிச் செல்லச் செல்ல, இந்தச் சுழற்சி இரண்டு நீண்ட கயிறுகளைப் போல, இரு நுனிகளுக்கும் பின்னால், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் முறுக்கிக் கொண்டு நீள்கிறது. எனவே, இது இயந்திரத்தின் புகையோ, வெப்பக் காற்றோ அல்ல. விமானம் காற்றில் நிற்பதற்குத் தர வேண்டிய விலை. பறக்கும் எதுவும் இந்த விலையிலிருந்து தப்ப முடியாது.

விமானம் எவ்வளவு எடை கூடியதோ, எவ்வளவு மெதுவாகப் பறக்கிறதோ, அவ்வளவு வலிமையாகச் சுழல் உண்டாகும். தரையிறங்கும் விமானம் மெதுவாகத்தான் வர வேண்டும். அதன் பின்னால் வரும் விமானமும் மெதுவாகவே, தரைக்கு அருகில், சமாளிக்க உயரமும் வேகமும் இல்லாத நிலையில் வருகிறது. 35,000 அடியில் ஒரு பக்கமாகச் சாய்க்கப்பட்டால் நிமிர்வதற்கு இடம் உண்டு. 300 அடியில் சாய்க்கப்பட்டால் இல்லை. சிறிய விமானம் பெரிய விமானத்தின் சுழலுக்குள் நுழைந்தால், அதன் கட்டுப்பாட்டு விசைகளால் எதிர்க்க முடியாத வேகத்தில் அது கவிழ்க்கப்படக் கூடும்.

இந்தச் சுழல்கள் நிமிடத்துக்குச் சுமார் 300 முதல் 500 அடி வரை கீழிறங்கும். ஆகவே, முன்னால் சென்ற விமானத்தின் இறங்குபாதையிலோ அதற்குச் சற்று மேலாகவோ வருகிறவருக்கு ஆபத்து குறைவு. அதற்குக் கீழே வருகிறவரே சிக்கிக் கொள்கிறார். தரையை நெருங்கியதும் சுழல்கள் இரு பக்கமும் விலகிச் செல்லும். மெல்லிய பக்கவாட்டுக் காற்று வீசினால், விலகிச் செல்ல வேண்டிய ஒரு சுழலை அது ஓடுதளத்தின் மேலேயே நிறுத்தி வைத்துவிடும்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று அஞ்சிப் பழகியவர்கள் நாம். பின்சுழலைப் பொருத்தவரை கதை நேர்மாறானது. ஆடிக் காற்று அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். இலை அசையாத மார்கழி விடியலிலும், காற்றடங்கிய அந்திப் பொழுதிலும்தான் அது இரண்டு மூன்று நிமிடங்கள்கூட உயிரோடு இருக்கும். பயணிகள் 'எவ்வளவு அமைதியான வானம்' என்று வியக்கும் வேளையே விமானி கூடுதலாக எச்சரிக்கையோடு இருக்க வேண்டிய வேளை.

இந்த அறிவு எளிதில் கிடைத்ததல்ல. 1972 மே 30 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் அருகே, பயிற்சிக்காகப் பறந்த டி.சி.9 ரக விமானம், தன்னைவிடப் பெரிய டி.சி.10 ரக விமானத்தைப் பின்தொடர்ந்து இறங்கியபோது அதன் சுழலில் சிக்கிக் கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர். அகன்ற உடல் கொண்ட புதிய ஜெட் விமானங்களின் பின்னால் எவ்வளவு தொலைவு விட வேண்டும் என்ற கேள்வியை உலகம் தீவிரமாக எடுத்துக் கொள்ள அந்த விபத்து காரணமாயிற்று.

1992 டிசம்பரில் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் 8 பேர்; 1993 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் 5 பேர். இரண்டிலும் போயிங் 757-ஐப் பின்தொடர்ந்து இறங்க வந்த சிறிய ஜெட் விமானங்களே வீழ்ந்தன. எடைப் பட்டியலின்படி 757 'கனரக' விமானம் அல்ல. ஆயினும் அதன் சுழல் வலிமையானது என்பதை இந்த மரணங்கள் உணர்த்தின. அதன் பிறகே அந்த ரகத்துக்குப் பின்னால் கூடுதல் இடைவெளி விடப்பட்டது. 2008 நவம்பர் 4 அன்று மெக்சிகோ நகரில், போயிங் 767-இன் பின்னால் மிக நெருங்கி இறங்கி வந்த லியர்ஜெட் விமானம் நகரச் சாலையில் விழுந்தது. அந்நாட்டின் உள்துறை அமைச்சர் உள்பட அதிலிருந்த 9 பேருடன், சாலையில் சென்று கொண்டிருந்தவர்களும் உயிரிழந்தனர்.

நமக்கு அருகிலும் ஒரு நிகழ்வு உண்டு. 2017 ஜனவரி 7 அன்று மாலத்தீவிலிருந்து புறப்பட்ட சேலஞ்சர் 604 ரகச் சிறு ஜெட், அரபிக் கடலின் மீது பறந்தபோது, அதற்கு 1,000 அடி மேலே எதிர்த் திசையில் ஏர்பஸ் ஏ380 கடந்து சென்றது. சிறிது நேரத்தில் அதன் சுழல் சிறு விமானத்தைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான அடி கீழே விழுந்த பிறகே விமானிகள் அதை மீட்டு மஸ்கட்டில் இறக்கினர். பயணிகள் காயமுற்றனர், விமானம் மீண்டும் பறக்கத் தகுதியற்றதாயிற்று. வான்வெளியில் இழக்கப் பல ஆயிரம் அடி உயரம் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

இதற்காகவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானங்களை எடை அடிப்படையில் வகைப்படுத்தியுள்ளது. 7,000 கிலோ வரை இலகு ரகம்; அதற்கு மேல், 1,36,000 கிலோவுக்குக் கீழ் நடுத்தர ரகம்; அதற்கு மேற்பட்டவை கனரகம். ஏ380 தனி வகை. கனரகத்தின் பின்னால் கனரகம் வந்தால் 4 கடல் மைல், நடுத்தரம் வந்தால் 5, இலகு ரகம் வந்தால் 6 என இடைவெளி விட வேண்டும். ஏ380-இன் பின்னால் நடுத்தர ரகத்துக்கு 7, இலகு ரகத்துக்கு 8. ஒரு கடல் மைல் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்.

இங்கேதான் பொருளாதாரம் நுழைகிறது. மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் விமானங்கள் இறங்குவதாகக் கொள்வோம். இடைவெளி 3 மைல் என்றால் ஓர் ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 46 விமானங்கள் இறங்கலாம். 5 மைல் என்றால் 28. 7 மைல் என்றால் 20 மட்டுமே. கூடுதலாக விடப்படும் ஒவ்வொரு மைலும் வருவாய் இழப்பு, தாமதம், எரிபொருள் செலவு. மும்பையைப் போல ஒரே நேரத்தில் ஓர் ஓடுதளத்தை மட்டும் நம்பி, நாளொன்றுக்கு ஆயிரம் விமானங்கள் வரை கையாள நேரும் நிலையத்துக்கு இந்தக் கணக்கு வாழ்வா சாவா எனும் கணக்கு.

ஒருவரின் செயல் அதில் பங்கில்லாத மற்றவர் மீது சுமத்தும் செலவைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். 1920-இல் வெளிவந்த தமது நூலில் ஆர்தர் பிகூ இதை விரிவாக ஆராய்ந்தார். ஆலைப் புகையே வகுப்பறைகளில் நாங்கள் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு. பின்சுழல் அதனினும் துல்லியமான எடுத்துக்காட்டு. பெரிய விமானம் போகிற போக்கில் விட்டுச் செல்வதன் விலையைப் பின்னால் வருகிறவர் காத்திருப்பாகச் செலுத்துகிறார். தரையில் இருப்பவர்களும் தப்புவதில்லை. லண்டன் ஹீத்ரோ அருகே தாழ்வாகப் பறக்கும் விமானங்களின் சுழலால் வீட்டுக் கூரை ஓடுகள் பெயர்வதுண்டு. அவற்றைச் சீரமைத்துத் தர அந்த விமான நிலையம் தனித் திட்டமே வைத்திருக்கிறது.

ஆனால், பழி முழுவதும் பெரிய விமானத்துக்கா? 1960-இல் ரொனால்டு கோஸ் எழுப்பிய கேள்வி இங்கு பொருந்தும். தீங்கு என்பது எப்போதும் இருவர் சம்பந்தப்பட்டது என்றார் அவர். கனரக விமானத்தின் பின்னால் மற்றொரு கனரக விமானம் வந்தால் 4 மைல் போதும். இலகு விமானம் வருவதால்தான் 6 மைல் தேவைப்படுகிறது. இடைவெளியை உண்டாக்குவது தனியொரு விமானம் அல்ல. முன்னதும் பின்னதுமாக அமையும் இணை.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. இரண்டு கனரக விமானங்களும் இரண்டு நடுத்தர விமானங்களும் இறங்கக் காத்திருப்பதாகக் கொள்வோம். கனரகம், நடுத்தரம், கனரகம், நடுத்தரம் என மாறி மாறி இறக்கினால் இடைவெளிகள் முறையே 5, 3, 5. மொத்தம் 13 மைல். நடுத்தரம் இரண்டையும் முதலில் இறக்கி, கனரகம் இரண்டையும் பிறகு இறக்கினால் 3, 3, 4. மொத்தம் 10 மைல். பாதுகாப்பில் ஓர் அணுவும் குறையவில்லை. வரிசை மட்டுமே மாறியது. 3 மைல் மிச்சம். முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற நியாயத்தைச் சற்றே தளர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவே.

அறிவியலும் இதே வழியில்தான் செல்கிறது. இடைவெளியைக் குருட்டுத்தனமாகக் குறைப்பதில்லை. எங்கே தேவையில்லையோ அங்கே அளந்து குறைக்கிறது. எதிர்க்காற்று பலமாக வீசும்போது விமானம் தரையோடு ஒப்பிடுகையில் மெதுவாக நகர்வதால், அதே மைல்களைக் கடக்கக் கூடுதல் நேரம் ஆகும். ஆனால், அந்தக் காற்றே சுழலையும் விரைவில் அப்புறப்படுத்துகிறது. எனவே, ஹீத்ரோவில் 2015 முதல் மைல் கணக்குக்குப் பதிலாக நேரக் கணக்கில் இடைவெளி விடுகிறார்கள். எடையோடு இறக்கையின் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும் நுட்பமான வகைப்பாடுகளும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைமுறைக்கு வந்துள்ளன.

சுழல் தீமை மட்டுமே தருவதும் அல்ல. நம் கண்மாய்களை நாடி வரும் பறவைகள் அம்பு முனைபோல் அணிவகுத்துப் பறப்பதைப் பார்த்திருப்போம். முன்பறவையின் சிறகு நுனிக்கு வெளியே மேலெழும் காற்றில் பின்பறவை சாய்ந்து கொண்டு தன் உழைப்பைக் குறைத்துக் கொள்கிறது. 2021 நவம்பரில் ஏர்பஸ் நிறுவனம் இரண்டு ஏ350 விமானங்களைத் துலூஸ் நகரிலிருந்து மான்ட்ரியல் வரை, சுமார் 3 கிலோமீட்டர் இடைவெளியில் இப்படிப் பறக்கவிட்டு, 5 சதவீதத்துக்கும் மேல் எரிபொருள் மிச்சமாகும் எனக் காட்டியது. எங்கே நிற்கிறோம் என்பதைப் பொருத்து ஒரே காற்று வரமாகவும் சாபமாகவும் ஆகிறது.

இதெல்லாம் ஏ380 இறங்கும் பெருநகரங்களின் கவலை, நமக்கென்ன என்று கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தவரின் விமான நிலையம் திருச்சிதான். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கச் செல்லும் நம் பிள்ளைகள் அந்த ஒற்றை ஓடுதளத்தின் வழியாகவே போய் வருகிறார்கள். 2024 ஜனவரியில் அங்கு புதிய முனையம் திறக்கப்பட்டது. போக்குவரத்து மேலும் பெருகும். அங்கே இறங்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தின் உச்ச எடை சுமார் 23 டன். ஏர்பஸ் ஏ321 ரகத்தின் உச்ச எடை 90 டன்னைத் தாண்டும். எடையில் நான்கு மடங்கு வேறுபாடு. எனினும் பழைய பட்டியலில் இரண்டும் 'நடுத்தரம்' என்ற ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. பட்டியல் சொல்லாததை அங்கே விமானியின் விழிப்புணர்வே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

2025 நவம்பரில் சேலத்திலிருந்து வந்த சிறிய பயிற்சி விமானம் ஒன்று கோளாறு காரணமாக, நம் நார்த்தாமலை அருகே திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. அதற்கும் பின்சுழலுக்கும் தொடர்பில்லை. ஆனால், பெரிய ஜெட் விமானங்களும் ஒரு டன் எடையை ஒட்டிய பயிற்சி விமானங்களும் ஒரே வட்டார வானத்தைப் பகிர்ந்து கொள்ளும் காலம் வந்துவிட்டது என்பதை அந்தக் காட்சி கண்முன் நிறுத்தியது. நாட்டில் விமானிகளின் தேவை பெருகப் பெருக, பயிற்சி விமானங்களும் பெருகும்.

எனவே சில கோரிக்கைகள். முதலாவது, பயிற்சி மாணவருக்குப் பின்சுழல் என்பது தேர்வுக்கான இரண்டு மதிப்பெண் கேள்வியாக நின்றுவிடக் கூடாது. முன்விமானத்தின் பாதைக்குக் கீழே செல்லாதே; அது தரை தொட்ட இடத்தைத் தாண்டித் தரையிறங்கு; ஐயம் எழுந்தால் மேலேறிச் சுற்றி வா என்ற மூன்றும் அனிச்சைச் செயலாக வேண்டும். தெளிவான வானில் 'முன்விமானம் தெரிகிறது' என்று விமானி கூறி, பார்வையால் இறங்க ஒப்புக் கொண்டால், இடைவெளியைக் காக்கும் பொறுப்பு அவர் தோளுக்கு மாறிவிடுகிறது. பில்லிங்ஸிலும் சான்டா ஆனாவிலும் நடந்தது அதுதான். விமானம் தெரியும், அதன் சுழல் தெரியாது.

இரண்டாவது, சுழலில் சிக்கித் தப்பிய ஒவ்வொரு சிறு நிகழ்வையும் விமானிகள் அச்சமின்றிப் பதிவு செய்யவும், அத்தரவுகள் தொகுக்கப்பட்டு வெளியிடப்படவும் வேண்டும். எந்த நிலையத்தில் எந்த இடைவெளி போதும் என்பதை நம் ஊர்க் காற்றையும் நம் ஊர்த் தரவுகளையும் கொண்டு தீர்மானிப்பதே முறை. மூன்றாவது, மணிக்கு இத்தனை விமானங்கள் என்ற இலக்கை உயர்த்தும்போது, அவற்றை வரிசைப்படுத்தும் கட்டுப்பாட்டாளர்களின் எண்ணிக்கையும் ஓய்வு நேரமும் சேர்ந்தே உயர வேண்டும். ஓடுதளத்துக்கு முதலீடு செய்து, அதை ஆள்பவருக்குச் செய்யாமல் விடுவது எந்தக் கணக்கிலும் சேமிப்பாகாது.

கடைசிக் கோரிக்கை பயணிகளுக்கு. அவர்களில் ஒருவனாகிய எனக்கும். தரையைத் தொடவிருந்த விமானம் மீண்டும் எழும்பினால், அது விமானியின் தோல்வி அல்ல. பயணிகளின் முணுமுணுப்புக்கும் நிறுவனத்தின் நேர அட்டவணைக்கும் அஞ்சி அவர் இறங்கத் துணிந்தால்தான் நாம் அஞ்ச வேண்டும். காத்திருந்த நிமிடங்களின் செலவை எந்தக் கணக்காளரும் எழுதிவிட முடியும். அந்த நிமிடங்களால் நிகழாமல் போன விபத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்த நான், தவறவிட்ட அந்த எழும்பூர் ரயிலை இப்போது வரவுப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), புதுக்கோட்டை.